ஃப்ராஸ்காட்டி: ரோமுக்கு மேலே ஒரு சிற்றூர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃப்ராஸ்காட்டி எங்கே இருக்கிறது?

ரோம் நகருக்குத் தென்கிழக்கே ஏறக்குறைய 20 கிலோமீட்டரில். அல்பான் குன்றுகள் எனப்படும் பழைய எரிமலையின் சரிவில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 320 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. மக்கள்தொகை இருபதாயிரத்தைச் சற்றுத் தாண்டும். இந்தக் குன்றுகளில் உள்ள ஊர்கள் அனைத்துக்கும் சேர்த்து 'கஸ்தெல்லி ரொமானி' என்று பெயர். வானம் தெளிவாக இருக்கும் நாளில் ஊர்த் திடலில் நின்றால் கீழே ரோம் முழுவதும் தெரியும்.

இது ரோமில் வேலைபார்ப்பவர்கள் தூங்க வரும் ஊர்தானா?

காலை ஏழு மணி ரயிலைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் இந்த ஊரின் வரலாறே ஏறுவதும் இறங்குவதும்தான். காலத்துக்குக் காலம் ஆள் மாறுகிறார்கள், அவ்வளவே. 16ஆம் நூற்றாண்டில் போப்புக்கு அடுத்த நிலையில் இருந்த கர்தினால்கள் கோடை வெயிலுக்குத் தப்பி மேலே ஏறினார்கள். ஊரின் ஒயின் இரவோடு இரவாகக் குதிரை வண்டிகளில் ரோமுக்கு இறங்கியது. இன்று வேலைநாட்களில் ஊர்க்காரர்கள் இறங்குகிறார்கள். சனி, ஞாயிறுகளில் ரோம்காரர்கள் சாப்பிட ஏறுகிறார்கள். இதற்கு நடுவே, ஊருக்குக் கீழே உள்ள ஆய்வுக்கூடங்களுக்கு ரோமிலிருந்து தினமும் எதிர்த்திசையில் வருகிற கூட்டம் ஒன்று தனியாக இருக்கிறது. வெறும் புறநகர் என்று சொன்னால் ஊர்க்காரர்கள் முகம் சுளிப்பார்கள். அதில் நியாயமும் உண்டு.

ஊர் எப்படி உருவானது?

மேலே, இன்று இடிபாடாகக் கிடக்கும் துஸ்குலம்தான் மூத்த ஊர். ரோமானிய அரசியல்வாதி மூத்த கேட்டோ கி.மு. 234இல் பிறந்தது அங்கே. சிசரோவுக்கும் அந்தப் பக்கம் ஒரு மாளிகை இருந்தது. இடைக்காலத்தில் துஸ்குலத்தின் பிரபுக்கள் போப்பாண்டவர்களையே நியமிக்கும் அளவுக்கு ஓங்கியிருந்தார்கள். ரோம் நகரத்தாருக்கு அது பொறுக்கவில்லை. 1191இல் துஸ்குலத்தைத் தரைமட்டமாக்கினார்கள். பிழைத்தவர்கள் சுற்றுப்புறச் சிற்றூர்களில் குடியேறினார்கள்; அப்படிப் பெருத்தவற்றுள் முக்கியமானது ஃப்ராஸ்காட்டி. துஸ்குலத்தின் சிறிய கல் அரங்கு இன்றும் இருக்கிறது. ஊரிலிருந்து சில கிலோமீட்டர் ஏற்றம். தண்ணீர் கொண்டுபோக வேண்டும்.

இத்தனை மாளிகைகள் ஏன் ஒரே சரிவில்?

ஒருவர் கட்டினால் அடுத்தவர் சும்மா இருப்பாரா? போப் ஒருவர் பதவிக்கு வந்ததும் அவருடைய உடன்பிறந்தார் மகன் ஒருவர் கர்தினால் ஆவது அக்காலத்து வழக்கம். அந்தக் கர்தினால் அதிகாரம் கையில் இருக்கும்போதே, ரோமிலிருந்து பார்த்தால் கண்ணில் படும்படி ஒரு மாளிகை எழுப்புவார். வில்லா அல்தோப்ராந்தினி அப்படிப் பிறந்ததுதான். எட்டாம் கிளெமென்ட் போப்பின் சகோதரர் மகனான கர்தினால் பியெத்ரோ அல்தோப்ராந்தினிக்காக கட்டடக் கலைஞர் ஜாகொமோ தெல்லா போர்த்தா 1598இல் கட்டத் தொடங்கினார். கார்லோ மதெர்னோவும் ஜொவான்னி ஃபொந்தானாவும் முடித்தார்கள்.

வருகிறவர்களில் பலர் செய்யும் தவறு, ஊர்த் திடலிலிருந்து மாளிகையின் முகப்பைப் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுவது. பார்க்க வேண்டியது பின்பக்கம் இருக்கிறது. மாளிகைக்கும் மலைக்கும் இடையே அரைவட்ட வடிவில் ஒரு 'நீர் அரங்கு'. நடுவில் உலக உருண்டையைத் தாங்கி நிற்கும் அட்லஸ். மலை ஊற்றுகளிலிருந்து கால்வாய் வழியே தண்ணீர் கொண்டுவந்து, படிப்படியாக விழவைத்து, அந்த விழுவிசையாலேயே நீரூற்றுகளைப் பீச்சியடிக்க வைத்தார்கள். பம்பு கிடையாது, உயர வேறுபாடுதான் எல்லா வேலையும் செய்தது. தண்ணீர் தள்ளும் காற்றால் ஒலிக்கும் இசைக்கருவிகளும் இருந்தன. மாளிகை இன்றும் தனியார் சொத்து. தோட்டம் திறந்திருக்கும் நேரம் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் முன்கூட்டிக் கேட்டுவிட்டுப் போவதே நல்லது.

தோட்டம் பூட்டியிருந்தால் வில்லா தொர்லோனியாவுக்கு நடந்துவிடலாம். அது ஊரின் பொதுப் பூங்கா, கட்டணம் இல்லை. மதெர்னோ வடிவமைத்த இன்னொரு நீர் அரங்கு அங்கே இருக்கிறது. வில்லா ஃபல்கொனியேரி இவை எல்லாவற்றுக்கும் மூத்தது. 17ஆம் நூற்றாண்டில் பொரொமினி அதைத் திருத்திக் கட்டினார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் கைக்குப் போனது. இப்போது லத்தீன் மொழியிலேயே பேசிப் படிக்கும் ஒரு கல்விக்கழகம் அதில் நடக்கிறது.

கிரெகோரியன் நாட்காட்டி இங்கேதான் பிறந்ததாமே?

பக்கத்து ஊரில். போப் பதின்மூன்றாம் கிரெகோரி நாட்காட்டிச் சீர்திருத்த ஆணையை 1582 பிப்ரவரி 24 அன்று வெளியிட்டது வில்லா மொந்த்ராகொனேயில். அந்த மாளிகை இன்று மொந்தே போர்ட்சியோ கத்தோனே எல்லைக்குள் வருகிறது. தோர் வெர்காத்தா பல்கலைக்கழகத்தின் வசம் இருக்கிறது. அந்த ஆணைப்படி 1582 அக்டோபர் 4க்கு மறுநாள் அக்டோபர் 15 ஆனது.

தேவாலயங்களில் எதைப் பார்க்கலாம்?

இரண்டு போதும். புனித பேதுரு பேராலயத்தில், பிரிட்டிஷ் அரியணைக்கு உரிமை கோரித் தோற்ற சார்ல்ஸ் எட்வர்ட் ஸ்டூவர்ட்டின் நினைவுக்கல் இருக்கிறது. அவர் 1788இல் ரோமில் இறந்தபோது, தம்பி ஹென்றி இங்கே கர்தினால்-ஆயர். 1761 முதல் 1803 வரை அந்தப் பதவியில் இருந்தவர். அண்ணனின் உடலை இங்கே அடக்கினார். பிறகு உடல் வத்திக்கானுக்குப் போனது. இதயம் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது.

இன்னொன்று ஜெசு ஆலயம். உள்ளே நுழைந்து மேலே பார்த்தால் குவிமாடம் தெரியும். அது குவிமாடம் அல்ல, தட்டையான ஓவியம். ஆந்த்ரேயா பொட்சோவின் கைவண்ணம். ஓவியம் ஒரே ஒரு கோணத்துக்காகக் கணக்கிட்டு வரையப்பட்டது; வாசலிலிருந்து பலிபீடம் நோக்கி நடந்துகொண்டே பார்த்தால், ஓரிடத்துக்குப் பிறகு அது கோணலாகச் சரிவது தெரியும்.

இத்தாலியின் முதல் ரயில் பாதை இதுதானா?

இல்லை. முதலாவது 1839இல் திறந்த நாப்போலி–போர்த்திச்சி. போப்பின் ஆட்சியில் இருந்த நாட்டுக்குத்தான் இது முதல் பாதை. பதினாறாம் கிரெகோரிக்கு ரயில் என்றாலே ஆகாது. அடுத்து வந்த ஒன்பதாம் பியுஸ் அனுமதித்தார். 1856 ஜூலையில் ரோம்–ஃப்ராஸ்காட்டி பாதை திறந்தது. திறந்தபோது இரு முனைகளுமே அரைகுறை. ரோமில் போர்த்தா மஜோரே வாயிலுக்கு வெளியே நின்றது. இந்தப் பக்கம் ஊருக்குக் கீழே, வெகு தூரம் முன்பே முடிந்தது. ஊரின் அடிவாரம் வரை தடம் வந்தது 1884இல். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் டிராம் வண்டிகளும் இந்தக் குன்றுகளில் ஏறி இறங்கின. பேருந்தும் காரும் வந்ததும் அவற்றை எடுத்துவிட்டார்கள். இன்றைய நெரிசலைப் பார்க்கும்போது அது கெட்டிக்காரத்தனமான முடிவாகத் தோன்றவில்லை.

இன்று ரோமிலிருந்து எப்படிப் போவது?

ரோமின் மைய ரயில் நிலையமான ரோமா தெர்மினியிலிருந்து எஃப்.எல்.4 புறநகர் ரயில். அரைமணி நேரப் பயணம். இந்த எஃப்.எல்.4 சாம்பினோவில் மூன்றாகப் பிரிகிறது: ஃப்ராஸ்காட்டி, அல்பானோ, வெல்லெத்ரி. வழித்தட எண்ணை மட்டும் பார்த்து ஏறியவர்கள் வெல்லெத்ரியில் போய் இறங்குவது அடிக்கடி நடக்கிறது. பலகையில் கடைசி நிலையத்தின் பெயரைப் பார்த்து ஏறுங்கள். தவறான வண்டியில் ஏறிவிட்டால் சாம்பினோவிலேயே இறங்கி மாறிக்கொள்ளலாம். அதைத் தாண்டிவிட்டால் கஷ்டம்.

சாம்பினோவுக்கும் ஃப்ராஸ்காட்டிக்கும் இடையே ஒற்றைத் தடம். மேலே போன வண்டி திரும்பி இறங்கினால்தான் அடுத்தது ஏற முடியும். அதனால் ஒரு வண்டி தாமதமானால் அதற்குப் பின்னால் வருவதும் தாமதம். காலை நேரத்தில் இந்தச் சங்கிலி அறுபடப் பல மணி நேரம் பிடிக்கும்.

இன்னொரு வழி: மெட்ரோ ஏ வழித்தடத்தின் கடைசி நிலையமான அனஞினாவில் இறங்கி, அங்கிருந்து கொத்ரால் நிறுவனத்தின் நீலப் பேருந்து. ரயில் தடுமாறும் நாட்களில் ஊர்க்காரர்கள் இதைத்தான் பிடிக்கிறார்கள். துஸ்கொலானா சாலையின் நெரிசலைப் பொறுத்து நேரம் கூடும், குறையும்.

டிக்கெட்டில் எங்கே மாட்டிக்கொள்கிறார்கள்?

மூன்று இடங்களில். ரோம் நகர டிக்கெட், நகர எல்லை வரைதான் செல்லும். ஃப்ராஸ்காட்டி எல்லைக்கு வெளியே, அடுத்த மண்டலத்தில் இருக்கிறது. தினமும் போய்வருகிறவர்கள் இரு மண்டலங்களையும் சேர்த்த 'மெத்ரெபுஸ் லாட்சியோ' மாத அட்டையும், ஒருநாள் சுற்றுகிறவர்கள் 'பிர்க்' என்ற ஒருநாள் மண்டல டிக்கெட்டும் வாங்குவார்கள். மெட்ரோ, பேருந்து, புறநகர் ரயில் மூன்றும் அதில் அடங்கும்.

இரண்டாவது, காகித டிக்கெட்டை வண்டியில் ஏறும் முன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். பணம் கட்டி வாங்கியது கையில் இருந்தாலும் முத்திரை இல்லையென்றால் அபராதம்தான். மூன்றாவது, செல்பேசியில் வாங்கிய வட்டார ரயில் டிக்கெட்டுக்கு வண்டி புறப்படும் முன் 'செக்-இன்' அழுத்த வேண்டும். மின்னஞ்சலில் வந்த டிக்கெட்டைக் காட்டினால் போதும் என்று நினைத்து ஏறுகிறவர்கள்தான் இதில் சிக்குகிறார்கள்.

வேலைநிறுத்த நாளில் என்ன செய்வது?

வேலைநாட்களில் காலை 6 முதல் 9 வரை, மாலை 6 முதல் 9 வரை வட்டார ரயில்களில் அத்தியாவசிய சேவை சட்டப்படி உறுதி. பயணத்தை அந்த நேரத்துக்குள் முடித்துக்கொள்ள வேண்டும். ஞாயிறு, விடுமுறை நாட்களுக்கு இந்த உறுதி கிடையாது.

நிலையத்திலிருந்து ஊருக்குள் எவ்வளவு தூரம்?

ஐந்து நிமிடம், ஆனால் நேர் செங்குத்தாகப் படிகள். பெரிய பெட்டி, குழந்தை வண்டி, முழங்கால் வலி, இவற்றில் எது இருந்தாலும் பேருந்தில் வருவதே மேல்.

ஊரின் நடுவே கட்டடங்கள் ஏன் இவ்வளவு புதிதாகத் தெரிகின்றன?

1943 செப்டம்பர் 8 காரணம். தென்முனையில் இருந்த ஜெர்மன் படைகளின் தலைமைத் தளபதி கெஸல்ரிங்கின் தலைமையகம் அப்போது இந்த ஊரில் இருந்தது. அன்று நண்பகலில் சுமார் 130 அமெரிக்க பி-17 விமானங்கள் வந்து குண்டு வீசின. தலைமையகத்தைக் குறிவைத்த தாக்குதலில் செத்தவர்களில் பெரும்பாலோர் ஊர்மக்கள். ஏறக்குறைய 500 பேர். கெஸல்ரிங் உயிர் தப்பினார்.

இத்தாலி ஐந்து நாட்களுக்கு முன்பே, செப்டம்பர் 3 அன்று, நேச நாடுகளுடன் ரகசியமாகப் போர்நிறுத்தத்தில் கையெழுத்திட்டிருந்தது. அதை இத்தாலியப் பிரதமர் பதோல்யோ வானொலியில் அறிவித்தது குண்டு விழுந்த அதே நாள் மாலையில். வில்லா தொர்லோனியாவின் மாளிகை அழிந்து தோட்டம் மட்டும் மிஞ்சியது. பூங்காவில் மாளிகையைத் தேடி அலைகிறவர்களுக்கு இதுவே பதில். 1944 ஜனவரியில் மறுபடியும் குண்டுவீச்சு. போருக்குப் பிறகு அவசரமாக எழுப்பிய சாதாரண அடுக்ககங்கள்தான் இப்போது நீங்கள் பார்ப்பவை. ஆண்டுதோறும் செப்டம்பர் 8 ஊரில் நினைவு நாள்.

இயற்பியலாளர்கள் ஏன் இந்த ஊரின் பெயரைச் சொல்கிறார்கள்?

எதிரெதிர்த் திசையில் ஓடும் துகளையும் எதிர்த்துகளையும் ஒரே வளையத்தில் மோதவைக்கும் இயந்திரம் உலகில் முதன்முதலாக இங்கேதான் கட்டப்பட்டது. இத்தாலிய அணுக்கரு இயற்பியல் கழகத்தின் (ஐ.என்.எஃப்.என்.) தேசிய ஆய்வுக்கூடம் ஊருக்குக் கீழே இருக்கிறது. 1959இல் அங்கே எலெக்ட்ரான் சின்க்ரோட்ரான் என்ற வட்டத் துகள் முடுக்கி 1,100 எம்.இ.வி. ஆற்றலில் (எம்.இ.வி. என்பது துகளின் ஆற்றலை அளக்கும் அலகு) ஓடத் தொடங்கியது. வியன்னாவில் பிறந்த இயற்பியலாளர் புரூனோ தூஷெக் 1960 மார்ச் 7 அன்று ஒரு கருத்தரங்கில் யோசனை சொன்னார்: எலெக்ட்ரானும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானும் எதிர் மின்னூட்டம் உடையவை, ஆகவே ஒரே காந்தம் இரண்டையும் எதிரெதிர்த் திசையில் வளைக்கும், இரண்டு வளையம் எதற்கு? ஓராண்டுக்குள், 1961 பிப்ரவரியில், 'ஆதா' என்ற வளையத்தில் துகள்கள் சுற்றின. இரண்டு பேர் கைகோத்தால் அணைத்துவிடக்கூடிய அளவு இயந்திரம். கற்றை ஒன்றுக்கு 250 எம்.இ.வி.

சிக்கல் என்னவென்றால், இங்கே வளையத்துக்குள் செலுத்த முடிந்த துகள்கள் மிகக் குறைவு. மோதல் நடந்ததா என்று காட்டவே முடியாது. எனவே 1962இல் வளையத்தை வெற்றிடம் கெடாமல் லாரியில் ஏற்றி, பிரான்சின் ஓர்சேக்குக் கொண்டுபோனார்கள். அங்கே வலுவான நேர்கோட்டு முடுக்கி இருந்தது. அங்கே இன்னொரு தொல்லை தெரியவந்தது. துகள்களை அதிகம் திணித்தால் ஒரே கொத்துக்குள்ளேயே ஒன்றோடொன்று இடித்து வெளியே சிதறின, கற்றையின் ஆயுள் குறைந்தது. 'தூஷெக் விளைவு' என்று இன்று எல்லாச் சேமிப்பு வளையங்களிலும் கணக்கில் கொள்வது இதைத்தான். மோதல்களும் அங்கேதான் உறுதியாயின. ஆதா திரும்பி வந்து ஆய்வுக்கூட வளாகத்தில் காட்சிக்கு நிற்கிறது.

அடுத்த வளையம் அதோனே, 1969இல். மொத்தம் 3.0 ஜி.இ.வி. (ஒரு ஜி.இ.வி. என்பது ஆயிரம் எம்.இ.வி.) வரை செல்லும்படி வடிவமைத்திருந்தார்கள். 1974 நவம்பரில் அமெரிக்காவில் ஜே/சை துகள் கண்டுபிடிக்கப்பட்ட செய்தி வந்தது. அதன் நிறை, இதே ஆற்றல் அலகில், 3.1 ஜி.இ.வி. இயந்திரத்தை எல்லைக்கு மேல் சற்றே தள்ளினார்கள். சில நாட்களிலேயே அதே துகள் இங்கேயும் தெரிந்தது. இந்த 0.1 இடைவெளியைப் பற்றிய பெருமூச்சு இன்னும் ஓயவில்லை. அதோனே இருந்த கூடத்தில் இப்போது தாஃப்னே வளையம்.

'ஃப்ராஸ்காட்டி கையேடு' என்பது இதோடு சம்பந்தப்பட்டதா?

இயற்பியலோடு இல்லை, ஊரோடு. 1963 ஜூனில் பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பின் (ஓ.இ.சி.டி.) உறுப்பு நாடுகளின் நிபுணர்கள் வில்லா ஃபல்கொனியேரியில் கூடி, ஆராய்ச்சி-மேம்பாட்டுச் செலவு என்று எதைக் கணக்கில் எடுப்பது, எதை விடுவது என்று வரையறுத்தார்கள். ஒரு நாடு தன் உற்பத்தியில் இத்தனை சதவீதம் ஆராய்ச்சிக்குச் செலவிடுகிறது என்று செய்தியில் படிக்கும் எண்களுக்கு அடிப்படை அந்த வரையறைதான்.

ஆய்வுக்கூடங்களுக்கு எந்த நிலையத்தில் இறங்க வேண்டும்?

ஃப்ராஸ்காட்டி நிலையத்தில் இறங்காதீர்கள். புதிதாக வருகிறவர்கள் ஊர்ப் பெயரைப் பார்த்து அங்கே இறங்கி, பெட்டியோடு சில கிலோமீட்டர் இறக்கத்தில் திரும்பி வருகிறார்கள். ஐரோப்பிய விண்வெளி முகமையின் எஸ்ரின் மையத்துக்கு அருகில் இருப்பது காஸ்ஸினோ பாதையில், அதாவது எஃப்.எல்.6இல், உள்ள தோர் வெர்காத்தா நிலையம். செயற்கைக்கோள்களின் புவிக் கண்காணிப்புத் தரவுகளைக் கையாள்வதும், பூமியை நெருங்கும் சிறுகோள்களின் ஆபத்துப் பட்டியலைப் பராமரிப்பதும் எஸ்ரினின் வேலை. மற்ற ஆய்வுக்கூடங்களுக்கு அனஞினாவிலிருந்து பேருந்து; எந்த வாசல் என்று அழைத்தவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். அடையாள அட்டை இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள்.

ஃப்ராஸ்காட்டி ஒயின் நல்லதா, சாதாரணமா?

இரண்டும் கிடைக்கும், அதுதான் தொல்லை. எரிமலை மண்ணில் விளையும் வெள்ளை ஒயின். 1966இல் டி.ஓ.சி. என்ற அரசுத் தரச்சான்றுத் தகுதி பெற்ற முதல் வரிசையில் இதுவும் ஒன்று. 2011இல் 'சுபெரியோரே' வகையும் இனிப்பான 'கன்னெல்லினோ'வும் அதற்கும் மேலான டி.ஓ.சி.ஜி. ஆயின. திராட்சையில் குறைந்தது 70 சதவீதம் மல்வாசியா இருக்க வேண்டும். ஆனால் மல்வாசியாவிலேயே இரண்டு உண்டு: காந்தியா வகை நிறைய காய்க்கும், மணம் குறைவு; லாட்சியோ வகை கொஞ்சமாகக் காய்க்கும், மணம் அதிகம். மலிவான புட்டி தண்ணீர்போல இருப்பதற்கு முதல் காரணம் இந்தத் தேர்வு. இன்னொன்று, மல்வாசியா காற்றுப் பட்டால் சீக்கிரம் நிறம் மாறிக் கெடும். தூர ஊர்களுக்கு அனுப்பக் கெடாமலிருக்க நுணுக்கமாக வடிகட்டியபோது மணமும் போயிற்று. புட்டியில் 'சுபெரியோரே' என்று இருக்கிறதா என்று பாருங்கள். விலை வித்தியாசம் பெரிதல்ல.

ஃப்ராஸ்கெத்தாவில் எப்படி நடந்துகொள்வது?

ஃப்ராஸ்கெத்தா என்பது ஒயின் மட்டும் விற்கும் பழைய பாணிக் கடை. வாசலில் ஒரு தழைக்கொத்து தொங்கினால் புது ஒயின் வந்திருக்கிறது என்று பொருள். பழைய முறைப்படி சாப்பாடு நீங்கள் கொண்டுவர வேண்டும்: பக்கத்துக் கடையில் ரொட்டி, பாலாடைக்கட்டி, பக்கத்து ஊரான அரிச்சாவின் பன்றி வறுவலான பொர்க்கெத்தா வாங்கிக்கொண்டு நீள பெஞ்சில் உட்காரலாம். இன்று அந்தப் பெயரில் பல உணவகங்களே நடக்கின்றன. அங்கே வெளிச் சாப்பாட்டைப் பிரிக்கக் கூடாது. உட்காரும் முன் கேட்டுவிட்டால் சங்கடம் இல்லை. ஒயினை அளவுப் பெயரால் கேட்பார்கள்: அரை லிட்டர் 'ஃபொயெத்தா', கால் லிட்டர் 'குவார்தீனோ'.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு என்ன கிடைக்கும்?

பாலாடைக்கட்டி, வறுத்த காய்கறி, ரொட்டி, ஆலிவ், அவரை. இனிப்பில் 'சம்பெல்லீனே அல் வீனோ' என்ற வளைய பிஸ்கட். முட்டையும் பாலும் இல்லை. வீட்டிலும் செய்யலாம்: வெள்ளை ஒயின் 100 மி.லி., எண்ணெய் 100 மி.லி., சர்க்கரை 100 கிராம், சோம்பு ஒரு தேக்கரண்டி, சிட்டிகை உப்பு. இவற்றைக் கலந்து, மாவு கையில் ஒட்டாத பதம் வரும்வரை மைதா சேர்க்கவும். சுமார் 350 கிராம் பிடிக்கும். விரல் கனத்துக்கு உருட்டி, வளையமாக முடிந்து, ஒரு பக்கத்தைச் சர்க்கரையில் தோய்த்து, 180 டிகிரி அவனில் 20 முதல் 25 நிமிடம். அழுத்திப் பிசைந்தால் கல்லாகிவிடும். மாவு ஒன்றுசேர்ந்ததும் நிறுத்திவிட வேண்டும். ஒயினைத் தொடாதவர்கள் கடையில் பிஸ்கட் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளட்டும்.

மூன்று மார்பகங்கள் உள்ள பெண் பொம்மை பிஸ்கட் என்ன கேலியா?

கேலி கலந்த பெருமை. பெயர் 'புப்பாட்சா'. தேன் சேர்த்த மாவில் செய்வது. இரண்டு பாலுக்கு, மூன்றாவது ஒயினுக்கு என்பார்கள். மிகக் கடினமாக இருக்கும். பலர் அலங்காரத்துக்கே வாங்குகிறார்கள்.

படிக்கவோ வேலைக்கோ வருகிறவர் இங்கே வீடு எடுக்கலாமா?

ரோமின் தென்கிழக்கில் வேலை என்றால் எடுக்கலாம். நகரின் மறுகோடியில் என்றால் வேண்டாம், இரண்டு மாறுதலில் பொழுது போய்விடும். ஒப்பந்தம் பெரும்பாலும் 4+4 அல்லது 3+2 ஆண்டு (முதல் எண் தொடக்கக் காலம், இரண்டாவது நீட்டிப்பு). குறுகிய காலத்துக்கு வருகிறவர்கள் 18 மாதம் வரையிலான தற்காலிக ஒப்பந்தத்தைக் கேட்க வேண்டும். முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. ஒப்பந்தம் 30 நாட்களுக்குள் வரி அலுவலகத்தில் பதிவாக வேண்டும். பதிவு செய்யாமல் குறைந்த வாடகை என்று ஆசை காட்டினால் விலகிவிடுங்கள். தங்கும் அனுமதிச் சீட்டுக்கும் முகவரிப் பதிவுக்கும் அந்தத் தாள்தான் கேட்பார்கள்.

பழைய ஊரில் தரைத்தள வீடு பார்க்கும்போது சுவரின் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். வீடுகளுக்கு அடியில் எரிமலைக் கல்லைக் குடைந்த ஒயின் நிலவறைகள் உண்டு. அந்தக் கல் ஈரத்தை உறிஞ்சி மேலே ஏற்றும். இந்த வகைக் கல்லில் ரேடான் வாயுவும் அதிகம் என்பதால் காற்றோட்டம் இல்லாத அறையைப் படுக்கையறையாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை காரில் போகலாமா?

போகலாம், மதியம் பன்னிரண்டுக்கு முன் போய்ச் சேர்ந்தால். வெள்ளைக் கோடு போட்ட இடம் இலவசம், நீலக் கோடு கட்டணம், மஞ்சள் கோடு ஒதுக்கப்பட்டது. சிவப்பு வட்டமிட்ட 'சோனா அ த்ராஃபிகோ லிமிதாத்தோ' (போக்குவரத்துக் கட்டுப்பாட்டுப் பகுதி) பலகையைத் தாண்டினால் கேமரா படம் எடுத்துவிடும். அபராதச் சீட்டு வாடகைக் கார் நிறுவனம் வழியாகச் சில மாதங்கள் கழித்து, அவர்களுடைய கட்டணத்தையும் சேர்த்து வரும். திரும்பும்போது மாலை ஐந்திலிருந்து எட்டு வரை ரோமுக்கு இறங்கும் சாலைகள் நகராது.